திருத்திய கழுத்து

1

இந்தக் கதை என் கன்னத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் வெட்கமாக இருக்கும்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கையில் வந்த படத்தில் என் கன்னத்தில் மங்கு என்கிற அந்தக் கருந்திட்டைக் காணோம். கணினி முன்னால் இருந்த பெண் என்னைக் கேட்காமலே அதைத் துடைத்துவிட்டிருந்தார். சண்டை போடலாம் என்றால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்து தொலைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக் கண்ணாடியில் மங்கு அதே இடத்தில் பத்திரமாக இருந்தது.

அந்தப் பெண் தன் வீட்டு முகங்களை என்ன செய்வார் என்று யோசித்தேன். விதை அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்..." வேண்டாம். மழைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "அவள் விரல்கள் முகங்களின் ரகசியத்தை..." சே.

மூன்றாவது, இதை வைத்துக்கொள்கிறேன்: ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை டச்சப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பருத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்து மடிப்பில் கறுப்பு என்று எது வந்தாலும் பக்கத்துத் தோலில் கொஞ்சம் நகலெடுத்து அதன்மேல் ஒட்டிவிடுவாள். கண் பார்ப்பதற்குள் கை முடித்துவிடும். கணினியில் இடம் போதாது என்பதால், திருத்திய படத்தை மூலப்படத்தின் மேலேயே சேமிப்பது அங்கே வழக்கம். பழைய முகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொழில் பழக்கம், அவளோடு வீடுவரை வந்தது. கைபேசியில் மகளை எடுத்த படங்களையும் அப்படியே துடைத்து, அப்படியே சேமித்தாள்.

3

மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய பின்கழுத்து கறுத்துக்கொண்டே வந்தது.

[கணவர் ஒருவரை வைத்திருந்தேன். மூன்று பக்கமும் செய்தித்தாளே படித்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டேன்.]

அம்மா அதை அழுக்கு என்றாள். ஒழுங்காகக் குளித்தால் போய்விடும் என்றாள். ஞாயிறுதோறும் குளியலறையில் மகளைக் குனியவைத்து முரட்டு நாரால் தேய்த்தாள். தோல் எரிந்தது, உரிந்தது, ஆறியதும் முன்னைவிடக் கறுத்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். எலுமிச்சை, சோடா உப்பு, அழகுநிலையத்தில் கொடுத்த பெயரில்லாத களிம்பு என்று வரிசையாக வந்து போயின. மகள் தலையை முடிந்து கட்டுவதை விட்டாள். எந்த வெயிலிலும் கூந்தலை விரித்துக் கழுத்தை மூடியே நடந்தாள்.

இவளை எழுதும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. கெட்டவளாகத் தெரிந்துவிடுவாளோ? அவள் கெட்டவள் இல்லை. பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்று தவித்தவள். அந்தத் தவிப்பில், சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே முதலில் சொல்லிவிட்டாள்.

4

களிம்பு பட்ட இடம் சிவந்து பொரிந்ததும் தோல் டாக்டரிடம் போனார்கள்.

(முதல் பிரதியில் டாக்டர் திட்டினார். நன்றாகத்தான் திட்டினார், எழுதும்போது எனக்கும் சுகமாக இருந்தது. ஆனால் திட்டு வாங்கியவர்கள் மறுபடி அந்தப் படி ஏறுவதில்லை. அதனால் மாற்றிவிட்டேன்.)

டாக்டர் மகளின் கூந்தலை விலக்கிப் பார்த்தார். விரலால் மெல்லத் தடவினார்.

"இது அழுக்கே இல்லம்மா. தோல் தடிச்சு, வெல்வெட் மாதிரி ஆகியிருக்கு பாருங்க. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா கழுத்து, அக்குள்ல இப்படி வரும். தேய்க்கத் தேய்க்க இன்னும்தான் கறுக்கும். நம்ம மாதிரி கறுப்புத் தோல்ல சின்னப் புண்ணு ஆறினாகூடக் கறுப்பு தங்கிடும்."

களிம்பை இன்றோடு நிறுத்தச் சொன்னார். நிறத்துக்கு மருந்து பிறகு பார்க்கலாம், முதலில் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். காரணம் அதுதான் என்றால், சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் இப்போதே சரிசெய்தால் சர்க்கரை நோயை வரவிடாமல் தடுக்க வழியுண்டு. கறுப்பும் மெல்லக் குறையும். விட்டுவிட்டால்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

[எல்லாக் கறுப்புக்கும் இதுவே காரணமில்லை. என் கன்னத்து மங்குக்கு வெயிலும் ஹார்மோனும் காரணம் என்றார்கள். கதையைப் படித்துவிட்டு யாரும் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ராத்தூக்கம் போய்விடும்.]

"எப்பலேர்ந்து இருக்கு? திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா? பழைய போட்டோ இருந்தா காட்டுங்க."

டச்சப் அக்காவுக்கு அந்த அறையில் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஆசையோடு கைபேசியை எடுத்தாள். பள்ளி ஆண்டுவிழா, உறவினர் திருமணம், போன பிறந்தநாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் கழுத்து பளிங்காக இருந்தது. விரல் தள்ளிக்கொண்டே போனது. துடைக்காத படம் ஒன்றுகூட இல்லை.

மகள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எந்தப் படத்துலம்மா இருக்கேன்?"

5

பழைய படம் இல்லையென்றால் இப்போதாவது ஒன்று எடுத்து வையுங்கள் என்றார் டாக்டர். மகள் ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டாள். இத்தனை நாள் அழுக்கு, இன்றைக்கு நோயா என்று கேட்டாள். நாளைக்கு வேறு ஏதாவது சொல்வாய், அதற்கும் நான் குனிய வேண்டுமா என்றாள். பரிசோதனைக்கூடம் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. இருவரும் அதன் வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

நான் நினைத்தால் ஒரே வரியில் அந்தப் பெண்ணை ஊசி முன்னால் உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவள் வர மாட்டேன் என்கிறாள். அவள் அம்மா சொல்லியே வராதவள், நான் யார்?

6

முடிவுகள், கைவசம் உள்ளவை:

அ. ரத்தம் பார்க்கிறார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. (எனக்கு இதுதான் பிடிக்கும். நம்பத்தான் முடியவில்லை.)

ஆ. பார்க்கிறார்கள், சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்கிறது, வீடே மாறுகிறது. (சுகாதாரத் துறைச் சுவரொட்டி.)

இ. பல வருடம் கழித்து... இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: மறுநாள் காலை. மகள் ஜன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"அழுக்குன்னு சொன்னது தப்புடா. உனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்."

மகள் திரும்பவில்லை.

"டாக்டர் ஒரு படம் கேட்டாங்க. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க. நான் எதுவும் தொடமாட்டேன். எடுக்கட்டுமா?"

இதற்கு முன் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. மகளின் கை பின்னால் வந்து கூந்தலைப் பற்றுகிறது. ஒதுக்கவா, இன்னும் இழுத்து மூடிக்கொள்ளவா, தெரியவில்லை.

கூந்தலை ஒதுக்கினாள் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? எழுதினால் நானும் அவள் கழுத்தின்மேல் எதையோ நகலெடுத்து ஒட்டியவனாவேன். கை அங்கேயே இருக்கிறது. அம்மா கைபேசியை இன்னும் உயர்த்தவில்லை. நான் எழுந்து போகிறேன், நீங்கள் அவர்களோடு கொஞ்சம் இருங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.