ஈரச் சாக்கு வாடை

ஒயின் கடையில் எல்லாரும் அவரை 'மூக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை, மரியாதைக்கு வைத்தது. கண்ணைக் கட்டிவிட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தாலும் எந்தத் திராட்சை, எத்தனை வருஷத்துச் சரக்கு, வெயிலில் கிடந்ததா நிழலில் கிடந்ததா என்று மோந்தே சொல்லிவிடுவார். பன்னிரண்டு வருஷமாகக் கடை ஓடுவதே அவர் மூக்கால்தான் என்று முதலாளியம்மாவே வாய்விட்டுச் சொல்வார்.

அந்த மூக்கு போன மழைக்காலத்தோடு செத்துப்போனது.

ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தபோது காபிக்கு வாசனை இல்லை. சோப்புக்கு இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் பட்டும் படாமலும் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் மனைவி கேட்டபோது, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார். கடையிலும் அதையே சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே பிடிபடவில்லை. சொன்ன பிறகு அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

அது ஒன்றும் பெரிய பாடாகவும் இல்லை. புளிப்பும் இனிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிந்தன. மற்றதையெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்துவிட்டார். கோப்பையைச் சுழற்றுவார், கண்ணை மூடுவார், மூச்சை இழுப்பார். உள்ளே வெறும் காற்றுதான் போகும். "நாவல்பழம், கொஞ்சம் மிளகு" என்பார். கேட்பவர்களும் மோந்துவிட்டு, "ஆமா சார், மிளகு!" என்று வியப்பார்கள்.

அப்படியிருக்கையில் புதிதாக ஆறு பெட்டி சிவப்பு ஒயின் வந்து இறங்கியது. புதிதாக வரும் சரக்கில் ஒரு பாட்டிலைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. கார்க்கில் பூசணம் இருந்தால் ஒயினுக்கு ஈரச் சாக்கு வாடை ஏறிவிடும், அதற்குத்தான் இந்தச் சோதனை. திறந்தார், மோந்தார், ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் சப்பென்று இருந்தது போலப் பட்டது. முதலாளியம்மா பக்கத்தில் நின்று, "எப்படி?" என்றார்.

"பிரமாதம்," என்றார் மூக்கு சார், வாய் கூசாமல்.

மறுநாள் ஒரு தபால்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சீருடைச் சட்டையைக் கழற்றாமல், பையை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார். இதற்குமுன் ஒயின் வாங்கியதே இல்லை என்பது அவர் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது. அலமாரியில் கை பட்டுவிடுமோ என்று உடம்பை ஒடுக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். கோழியும் காளானும், எலுமிச்சை பிழிந்த சாலட், கடைசியில் பேரிக்காய் கேக் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"எல்லாம் நானே சமைக்கப் போறேன் சார். ஒருத்தங்க சாப்பிட வர்றாங்க." சொல்லும்போதே காது மடல் சிவந்துவிட்டது. "நீச்சல் குளத்துல பயிற்சியாளரா இருக்காங்க. மூணு வருஷமா அவங்களுக்குத் தபால் குடுக்கறேன். இப்பத்தான் தைரியம் வந்துச்சு."

மூக்கு சாருக்கு அவரைப் பிடித்துவிட்டது. சாலட்டுக்கு ஒரு வெள்ளை ஒயின் எடுத்துக் கொடுத்தார். கேக்குக்கு இனிப்பு ஒயின் ஒரு சின்ன பாட்டில். கோழிக்கும் காளானுக்கும் புது சிவப்பைச் சொல்லி, திறந்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார்.

தபால்காரர் மோந்தார். முகம் லேசாகச் சுருங்கியது. "ஏதோ... ஈரமா ஒரு வாடை வருதே சார்?"

அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துபோனது. பன்னிரண்டு வருஷத்து ஆள், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் இல்லை. ஆனால் இரண்டடி தள்ளி முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அது மண்வாசனை," என்றார். "இந்த ஒயினோட அழகே அதுதான். காளானோட சேர்ந்தா பாருங்க, எங்கயோ போயிடும். பழக்கமில்லாதவங்களுக்கு முதல்ல அப்படித்தான் தோணும்."

"ஓ, அப்படியா!" தபால்காரர் தன் அறியாமையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார். பாட்டில்களைத் தபால் பைக்குள் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்துக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மூக்கு சார் கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். சண்டைக்கு வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒயின் பத்தி எதாவது புஸ்தகம் இருக்கா சார்?" என்றார் தபால்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு நாக்கும் சரியில்ல, நாகரிகமும் சரியில்ல."

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. சாலட்டு வரைக்கும் நன்றாகப் போயிருக்கிறது. சிவப்பை ஊற்றியதும் அந்தம்மா மோந்துவிட்டு, "இது கெட்டுப்போயிருக்கு, சாக்கு வாடை அடிக்குது" என்று சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை. மண்வாசனை என்றார், பழக்கமில்லை என்றார். அவர் மறுபடி இல்லை என்றதும்...

"நான் சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன் சார். நாள் பூரா க்ளோரின் தண்ணில கிடக்கிற மூக்குக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு சொல்லிட்டேன். தமாஷாத்தான். அவங்க சிரிக்கல. தட்டுல இருந்ததைச் சாப்பிட்டு முடிச்சு, தேங்க்ஸ் சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. கேக்கை வெட்டவே இல்ல."

இப்போது சொல்லியிருக்கலாம். கடையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை. ஆனால் வாயிலிருந்து விழுந்தது வேறு.

"ஒவ்வொருத்தர் நாக்கு ஒவ்வொரு மாதிரிங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அதோடு நின்றாலும் பரவாயில்லை, ஆறுதலுக்கு என்று ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தார். தபால்காரர் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு சார்." அந்த வார்த்தை சவுக்கடி போல விழுந்தது. அவர் போன பிறகு மூக்கு சார் கிடங்குக்குள் போய், அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. அப்படியும் உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் வழுக்கி விழாமல் நடந்து போய் நின்றார். பயிற்சியாளர் அம்மா கழுத்தில் விசிலோடு, வயதானவர்கள் நாலைந்து பேருக்குக் கால் உதைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிகிறவரை காத்திருந்து, மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார்: எனக்கு வாசனையே தெரியாது, மாதக்கணக்காக நடிக்கிறேன், அந்த ஒயின் கெட்டதுதான், மண்வாசனை என்று தபால்காரருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், அவர் மேல் தப்பில்லை.

பயிற்சியாளர் அம்மா துண்டால் முழங்கையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"கெட்டுப்போச்சுன்னு எனக்குத்தான் தெரியுமே. அதுக்காகவா நான் எழுந்து போனேன்? க்ளோரின் மூக்குன்னு சொன்னது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்லங்க."

"அது அவர் வாய். அதுக்கு அவர்தான் பதில் சொல்லணும்." பிறகு கேட்டார்: "நீங்க இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அவரை விட்டுட்டு எங்கிட்ட ஏன் முதல்ல வந்தீங்க?"

பதில் இருந்தது, மூக்கு சாரால் சொல்லத்தான் முடியவில்லை. முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபம். அந்தம்மா இரக்கப்பட்டு மன்னித்து தபால்காரரோடு சமாதானமாகிவிட்டால், அவர் முகத்தைப் பார்க்காமலே தப்பித்துக்கொள்ளலாம். நல்ல காரியம் செய்யப் போவதாக நினைத்து வந்த இடத்திலும் கள்ளத்தனம்தான் செய்திருக்கிறோம் என்று புரிந்தபோது, நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப்போனார்.

அங்கிருந்து நேராகத் தபால் நிலையத்துக்குப் போனார். பின்பக்கக் கூடத்தில் தபால்காரர் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிடவில்லை. அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

தபால்காரரின் கை நின்றது.

"அன்னைக்கு நான் மறுபடி வந்தப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்கு பாட்டில் குடுத்தீங்க?"

"ஆமா."

தபால்காரர் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் கையிலிருந்த கடிதக் கட்டைப் பார்த்தபடி, "இவ்வளவு நாளா என் நாக்கை நானே திட்டிக்கிட்டிருந்தேன் சார்," என்றார் மெதுவாக. அப்புறம் கடிதங்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் வேலை செய்வது போலப் பாவனை செய்தார்கள்.

முதலாளியம்மாவிடம் சொன்னது அன்று மதியம். அவர் நேராகக் கிடங்குக்குப் போய் மிச்சமிருந்த சிவப்பில் மூன்று பாட்டிலைத் திறந்தார். மூன்றும் சாக்கு. ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தார். "காய்ச்சல் யாருக்கும் வரும். மூக்கு போனா நான் உங்களை வெளிய தள்ளிடுவேன்னு நினைச்சீங்க இல்ல? அதுதான் எனக்கு வலிக்குது," என்றார். வேலை போகவில்லை. ருசி பார்க்கும் வேலை மட்டும் வேறு ஆளுக்குப் போனது. சரக்கு இறக்குவது, அடுக்குவது, சீட்டு எழுதுவது இவருக்கு. மனைவியிடம் மாலையில் சொன்னார். அவர் "எங்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கும் தலையைத்தான் குனிய முடிந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரரும் பயிற்சியாளர் அம்மாவும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். இவர்களுக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எப்படிச் சமாதானமானார்கள் என்பதெல்லாம் மூக்கு சாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் தனக்கு இல்லை என்று நினைத்தார். அவர்களைக் கண்டதும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார். வயது ஐம்பத்து மூன்று, பாட்டில் துடைப்பது போல நடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று உறைத்ததும் வெளியே வந்தார்.

அன்று ருசி பார்க்கும் ஆள் விடுப்பு. மூக்கு சார் ஊற்றிக் கொடுத்த இரண்டு கோப்பைகளைப் பயிற்சியாளர் அம்மா மாறி மாறி மோந்தார். "இன்னைக்கு வேகவெச்ச மீன், நான் சமைக்கறேன். இதுல எது சேரும்? நீங்க சொல்லுங்க," என்றார். குத்திக் காட்டக் கேட்டதா, சும்மா கேட்டதா என்று தெரியவில்லை.

தபால்காரர் அவசரமாகப் பக்கத்துப் பாட்டிலின் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்.

கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். மூக்கு சாருக்குக் காதெல்லாம் கொதித்தது. "எனக்கு மோந்து சொல்லத் தெரியாதுங்க," என்றார். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதுதான் சரியா இருக்கும்."

அந்தம்மா இடது கையிலிருந்த வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். தபால்காரர் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது "வரேன் சார்" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இவரால் பார்க்க முடியவில்லை. கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தார். வரிசையில் அடுத்து நின்றவர், "எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன் சார்," என்று கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்.