படத்திறப்பில் பேசியவர்

பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்ததும் முனைவர் சவரிநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சொந்த வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. அவர் தலையில் அடிபட்டு வந்த மறுநாளே அக்னஸ் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடிக்கத் தொடங்கிவிட்டாள். வெளிச்சமும் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அறையின் ஜன்னல்களில் பொன்னாடைகள் தொங்கின. பாலக்கரையில் அவர் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பொன்னாடைக்கு வராது. அவரைப் போர்த்திய காலத்தில் பளபளப்பதற்கு மட்டுமே பயன்பட்ட துணிகள், இப்போதுதான் முதன்முறையாக ஒரு வேலை செய்தன.

கதவு மெல்லத் திறந்தது.

"அக்னஸ் வந்திருக்கேன். மோர் கொண்டாந்தேன்."

இது அவளுடைய புதுப் பழக்கம். அறைக்குள் வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். இருட்டில் யாரென்று தெரியாமல் போகுமே என்று சொல்கிறாள் போலும் என நினைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் எப்படிப் பேசுனேன், அக்னஸ்?"

"எத்தனை தடவைங்க கேப்பீங்க? நல்லாத்தான் பேசுனீங்க."

"ஜனங்க அழுதாங்களா?"

"அழுதாங்க."

"நீ?"

அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். "மண்டபத்துல ஒரே தூசி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சவரிநாதனுக்கு வேண்டியது, அன்று மேடையில் பேசியும் நினைவிலேயே இல்லாத அந்தக் கால் மணி நேரம்தான். திருச்சி வட்டாரத்தில் யார் செத்தாலும் படத்திறப்புக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு 'நாநலச் செம்மல்' என்ற பட்டம் உண்டு. அதை வழங்கிய மன்றத்துக்குத் தலைவரும் அவரே. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சு. "ஓர் ஆலமரம் சாய்ந்துவிட்டது" என்று தொடங்கும். நடுவில் மூன்று இடங்களில் இறந்தவர் பெயரும், முடிவில் ஓரிடத்தில் துணைவியார் பெயரும் வரவேண்டும். மற்றபடி காண்ட்ராக்டருக்கும் கன்னியாஸ்திரிக்கும் அதே ஆலமரம்தான். கன்னியாஸ்திரிக்கு மட்டும் துணைவியாரை விட்டுவிடுவார்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை அதிபர் செல்லக்கண்ணுவின் படத்திறப்பு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆள் உயரத்தில் தேக்குச் சட்டம் போட்ட படம். அதை மூடிய பட்டுத்துணியில் கட்டவேண்டிய கயிற்றை, பந்தல்காரர் சட்டத்தின் கொக்கியிலேயே கட்டிவிட்டிருந்தார். சவரிநாதன் முனைவர் பட்டத்துக்குரிய வேகத்தோடு இழுத்தார். செல்லக்கண்ணு நேராக அவர் தலையில் இறங்கினார்.

அவருடைய நினைவு அதோடு அறுந்து, அடுத்து மருத்துவமனையின் பச்சைத் திரைச்சீலையில் தொடங்கியது. ஆனால் இடையில் அவர் விழுந்து கிடக்கவில்லையாம். எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, மைக்கைக் கேட்டு வாங்கிப் பேசியிருக்கிறார். போனில் விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, குரலைத் தாழ்த்தி, "ஐயா, அந்தப் பேச்சு இன்னும் காதுலயே நிக்குது" என்றார்கள். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இந்தக் குரலில் பாராட்டிப் பேசியதில்லை. தன் வாழ்நாளின் சிறந்த பேச்சைக் கேட்காமல் போன ஒரே ஆள் தான்தானோ என்ற பொறாமை அவரை அரித்தது. கண்ணை மூடினால் ரத்தம் வழியும் காதோடு மேடையில் ஒருவன் நிற்பான். வாயசைப்பான், சத்தம் வராது.

தில்லைநகர் டாக்டர் மைத்ரேயிக்கு அவர் மகள் வயதிருக்கும், அவருக்கு மகள் இருந்திருந்தால்.

"ஸ்கேன் சுத்தமா இருக்கு சார். ஆனா உள்ள இருக்கிற நரம்பு இழைங்க அந்த அதிர்ச்சியில இழுபட்டிருக்கும். முக்காவாசி அறுந்திருக்காது, தொய்ஞ்சிருக்கும். அதுங்க தேறுறதுக்கு நிறைய சக்தி வேணும். அதான் இந்த அசதி, வெளிச்சம் கூசுறது, வார்த்தை தடுமாறுறதெல்லாம். பழைய வழி அடைச்சிருந்தா மூளை புது வழி போட்டுக்கும். ரெஸ்ட் குடுங்க, வாரக்கணக்குல சரியாயிடும்."

"அந்தப் பேச்சும் ஞாபகத்துக்கு வந்துடுமாம்மா?"

"அது வராது சார். தொலைஞ்சிருந்தாத்தானே தேட முடியும்? அந்த நேரத்துல மூளை எதையும் பதிவே பண்ணல."

"அப்ப பேசுனது யாரும்மா?"

டாக்டர் சிரித்தார். "நீங்கதான் சார்." அருகில் உட்கார்ந்திருந்த அக்னஸ் சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அக்னஸ் மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் செல்லக்கண்ணுவின் மகன் பூவரசன் வந்தான். ஆப்பிள் பையை நீட்டிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"தலை தேவலாங்களா ஐயா?"

"தேவலாம் தம்பி. உங்கப்பா ஆசீர்வாதம்."

"சொல்லக் கூச்சமாத்தான் இருக்குங்க." ஒரு அட்டையை எடுத்து ஸ்டூலில் வைத்தான். 'படத்திறப்பு விழா' என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'மறுமுறை' என்று அச்சிட்டிருந்தது. "இந்தத் தடவை சுவத்துல துளை போட்டு போல்ட்டே முடுக்கியாச்சு. நீங்க வந்து அப்பா பேரை மட்டும் ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னாப் போதும். சித்தப்பாங்க ரொம்பப் பேசுறாங்க."

"அன்னிக்குத்தான் சொன்னேனே?"

பூவரசன் பொன்னாடை தொங்கிய ஜன்னலைப் பார்த்தான். "ஐயாவுக்கு யாரும் சொல்லலீங்களா?"

"என்ன சொல்லல?"

"ஆலமரம் சாஞ்சிருச்சுன்னுதான் ஆரம்பிச்சீங்க. ஆனா அப்பா பேரு வரவேண்டிய இடத்துல, முனைவர் சவரிநாதன்னு சொன்னீங்க. மொதத் தடவை நாலு பேரு சிரிச்சாங்க. ரெண்டாவது தடவை யாரும் சிரிக்கல. காதுல ரத்தம் வழியுது, நீங்க பாட்டுக்கு அவருக்காக அழுவுறீங்க. கைத்தாங்கலா இறக்கலாம்னு வந்தவங்களும் அப்படியே நின்னுட்டாங்க."

அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது. சவரிநாதன் காதைப் பொத்தவில்லை.

"அப்புறம், அவரைப் பிரிஞ்சு வாடும் துணைவியார்னு சொல்லிட்டு நின்னுட்டீங்க. ரொம்ப நேரம். பேரு வரல. பொம்பளைங்க பக்கத்துலேருந்து உங்க வீட்டம்மாதான் எந்திரிச்சு, 'அக்னஸ்'னு சொன்னாங்க."

"நான்?"

"கும்பிட்டீங்க. 'நன்றி தாயே, உங்களுக்கு அவரோட பழக்கம் உண்டா?'ன்னு கேட்டீங்க."

"அவ என்ன சொன்னா?"

"'கொஞ்சம் தெரியும்'னாங்க." பூவரசன் எழுந்து கொண்டான். "அட்டையில உங்க பேருக்கு முன்னாடி பட்டமெல்லாம் போட்டுட்டோம். வந்துருங்கய்யா."

அவன் போனபின் சவரிநாதன் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மேடையில் வாயசைத்தவனுக்கு இப்போது சத்தம் வந்துவிட்டது, அதை அணைக்க வழியில்லை. அக்னஸ் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உடனே வந்தது. அக்னஸ். தங்குதடை இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இந்தப் பெயர் மேலப்புதூர் கோவிலில் மோதிரம் மாற்றிய நாளிலிருந்து இருக்கும் பழைய வழியாக வருகிறதா? அல்லது மோரோடும் கஞ்சியோடும் மாத்திரையோடும் வாசலில் நின்று அவள் சொல்லிச் சொல்லி, கால்தடம் பதிந்து உண்டான புது வழியாகவா? யாரிடம் கேட்பது? முன்பெல்லாம் அவர் அவளை எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்தார். "ஏய்" என்றது நினைவுக்கு வந்தது. "இந்தா" என்றது வந்தது. "சட்டையை அயர்ன் பண்ணியாச்சா?" என்றது வந்தது. ஊரில் செத்தவர்களின் மனைவிகள் பெயரையெல்லாம் மைக்கில் உருக்கமாகச் சொன்ன குரல், இந்த வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொன்ன ஒரு நாளைத் தேடினார். அடிபடுவதற்கு முந்தைய ஒரு நாள் போதும். தேடிக்கொண்டே இருந்தார்.

கேட் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம். காய்கறிப் பை தரையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் காப்பி வாசனை வந்தது. கதவு திறந்தது.

அவள் டம்ளரோடு நின்றாள். பொன்னாடை இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் நேராக ஸ்டூலில் விழுந்து, அங்கிருந்த அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அட்டையைப் பார்த்தாள். ஆப்பிள் பையைப் பார்த்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

கூடத்து வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. காப்பி ஆவி மட்டும் அந்த முகம் இருந்த இடத்தில் ஏறிக் கலைந்து மறுபடி ஏறியது. வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள் கால் எடுத்து வைக்கவில்லை. சவரிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார், மைக்கின் முன் செருமுவதைப் போலவே. வாயைத் திறந்தார்.

டம்ளரை நீட்டாமல், இந்தத் தடவை பெயரை அவரே சொல்லட்டும் என்பதுபோல அவள் காத்திருந்தாள்.