சவரிமுத்துக்குப் பக்கத்து இடம்

செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் பாறைதான். கடற்கரையில் கல்லே கிடையாது. இரண்டும் தெரிந்த ஒருத்தி செய்த வேலையைத்தான் இப்போது ஊரெல்லாம் போனில் பார்க்கிறார்கள். அந்த ஒருத்தி நான்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். செஞ்சிக்கு மெக்கானிக்காக வந்து என்னைக் கட்டிக்கொண்டார். செத்தால் எங்க ஊர்க் கல்லறையில்தான் புதைக்கணும் என்பார். புதைத்தோம். அந்தக் கல்லறை மேட்டில் ஒரு காலத்தில் சின்னதாக ஒரு கோயில் இருந்ததாம், ஊர் வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவமான புதிதில் கட்டியது. கடல் கொண்டுபோனதோ மணல் மூடியதோ, எங்கே இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள்.

மணலில் நட்ட மரச்சிலுவை நிற்கவில்லை. அதனால் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கட்டைப்பையில் கல்லைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். கோட்டையையே எடுத்துக்கொண்டு போகிறாயா என்பார் கண்டக்டர். வீட்டுக்காரரைச் சுற்றி அடுக்கி முடித்தும் ஆசை அடங்கவில்லை. பக்கத்தில் எனக்கும் சேர்த்து அடுக்கினேன், பஸ் சீட்டில் துண்டு போடுவது போல. தலைமாட்டுக்கு உடைந்த அம்மியின் ஒரு பாதி. அப்புறம் கொரோனா வந்தது, முழங்கால் போனது. மணல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

போன மாசம் புயல் மணலை வாரிக்கொண்டு போக, கல் வெளியே வந்தது. கூடவே ஒரு வீடியோவும் வந்தது. ரிட்டையரான கல்லூரி வாத்தியார் அறிவுமதி என்பவர் அதில் நின்று பேசினார். இது செஞ்சிப் பக்கத்துப் பாறை, அங்கே ஆண்ட யாரோ ஒரு பெரிய மனிதர் ஆதிக்கோயிலுக்குக் கொடையாக அனுப்பியிருக்கிறார், இதுதான் அஸ்திவாரம் என்றார். அந்தப் பெரிய மனிதர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததை அவர் எப்படி அறிவார்? என் அம்மியைத் தடவி, பலிபீடம் என்றார். எத்தனை தலைமுறைக் கைகள் பட்டுத் தேய்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். தேய்ந்தது மிளகாய்க்கு.

நன்றாகச் சிரித்தேன். சுற்றி வேலி போடப் போகிறார்கள், உள்ளே இனி யாரையும் புதைக்கக் கூடாது என்று கடைசியில் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

செத்தும் அவர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. உடனே வீட்டுக்காரர் குரல் கேட்டது. "யாரு உன்ன கல்லு தூக்கினு வரச் சொன்னது, பவுனு?"

"அது கெடக்கட்டும். இப்ப நான் எங்க படுக்கறது?"

உயிரோடு இருந்தபோதும் முக்கியமான கேள்வி என்றால் தூங்கிவிடுவார்.

அம்மியின் மறுபாதி கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு பக்ருதீன் மரக்காணத்துக்கு உப்பு ஏற்றப் போகிறவர். அவர் வண்டியில் கல்லையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அங்கே அம்மியின் முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. பெண்கள் முட்டி போட்டிருந்தார்கள். முன்னால் இருந்தது என் நாத்தனார் சூசையம்மாள். ஊரைக் கூட்டி வேலிக்குச் சம்மதம் வாங்கியவளே அவள்தான். அறிவுமதி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உங்கள் உணர்வை மதிக்கிறேன் அம்மா, இது ஆராய்ச்சி என்றார். பக்ருதீன் மறுபாதியைக் கொண்டுவந்து ஒட்ட வைத்தார். நூல் இடம் விடாமல் பொருந்தியது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சூசையம்மாள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா வாயத் தொறக்கறதுக்கு இன்னா?"

"எங்கண்ணன் உசுரோட இருந்தவரைக்கும் கோயில் வாசப்படி மிதிக்கல. இப்பனாச்சும் பீடத்துக்குக் கீழ படுத்துனு இருக்கான்னு நெனைச்சேன். அதையும் வந்து கெடுத்துட்ட."

கேஸில் ஜெயித்தவள் மாதிரி வந்தவள், கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி நின்றேன். பிறகு முழங்காலைத் திட்டிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பீடம் இல்லன்னா இன்னா? இத்தினி பேரு முட்டி போட்டது அவருக்குத்தான? எந்தச் சாமியாருக்குக் கெடைக்கும்?"

அவள் சாய்ந்திருந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் வாத்தியாரிடம், வேலி வேண்டாம், ஊருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் கல் இரண்டும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். இனி செஞ்சியில் துணி எதில் துவைப்பது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாத்தியார் கையில் டேப் வெறுமனே தொங்கியது, பாவமாக இருந்தது. அளக்க வேண்டுமென்றால் என்னை அளங்கள் சார் என்று என் இடத்தில் நீட்டிப் படுத்துக் காட்டினேன். அந்த மனுஷன் நிஜமாகவே குனிந்து அளந்தார். நான் நினைத்ததைவிட உயரம் குறைந்திருந்தேன். சூசையம்மாள் கல்வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தக் குள்ளச்சிக்கு இவ்ளோ எடம் எதுக்கு? தள்ளிப் படு. இந்தப் பக்கம் எனக்கு."

தள்ளிப் படுத்தேன், வீட்டுக்காரர் பக்கமாக.