டிவியில் பார்த்துக்கொள்ளலாம்

பெரியப்பா அதை வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கைக்கு அடக்கமான வீடியோ கேமரா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் இளவரசன் கொண்டுவந்தது. இருப்பதிலேயே விலை கம்மியான மாடல் என்று அவன் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தான். பெரியப்பா என்னவோ ராக்கெட்டை இறக்கி வைத்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். டேப்பே கிடையாதாம். உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதாம், நாள் முழுக்க எடுத்தாலும் தீராதாம். எடுத்த கையோடு ஒயரை டிவியில் சொருகினால் படம் ஓடுமாம்.

“வீடியோக்காரன வேணாம்னு சொல்லிட்டேன்,” என்றார். “தாலி கட்றத நீயே எடு வதனி. உங்கம்மா ரூம்ல இருந்துட்டு, முடிஞ்சதும் டிவில பாத்துக்கட்டும். ஒரு கொறையும் இல்ல.”

கல்யாணம் என் தங்கை ஓவியாவுக்கு. அப்பா போனபிறகு எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது அம்மா. மாப்பிள்ளை வளவனின் வீட்டுக்கு நடையாய் நடந்து பேசி முடித்தது அம்மா. மண்டபம், சமையல்காரர், சீர்வரிசைப் பாத்திரம் வரைக்கும் எல்லாம் அவள்தான். ஆனால் தாலி ஏறுகிற நேரத்தில் மட்டும் மணவறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பொட்டில்லாத நெற்றி அந்த நேரத்தில் யார் கண்ணிலும் படக் கூடாதாம். இதைச் சொல்வதற்கென்றே கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் மனுஷர், பரிகாரமாக ஒரு மெஷினையும் கையோடு எடுத்துக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். ஓவியா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கிட்டத்துல காட்டுமா வதனி?” என்று கேட்டாள். “முடிச்சு போடறது தெரியுமா?”

அவள் நியாயம் கேட்கவில்லை, மரியாதை கேட்கவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. பெற்ற பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சரி, பார்ப்பதாவது ஒழுங்காகப் பார்க்கட்டும் என்று அந்தக் கருமத்தைச் சோதித்துப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. தினமும் மெஷின்களோடு மல்லுக்கு நிற்கிறவள். எந்த மெஷினையும் அதன் டப்பாவில் போட்டிருப்பதை வைத்து நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

சமையலறை பல்பு வெளிச்சத்தில் அம்மாவை எடுத்தேன். முகமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. மிக்ஸி ஓடினால் பேச்சு கேட்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து எங்கள் ஊர் மலையை ஜூம் பண்ணினால் உச்சிப் பாறை பக்கத்தில் வந்து நின்றது, ஆனால் என் மூச்சுக்கெல்லாம் மலையே ஆடியது. பகல் வெளிச்சத்தில் மட்டும் பழுதில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. அம்மா வேலை முடிந்ததும் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். இவ்வளவு கறுத்துவிட்டேனா என்று முதல் நாள் சிரித்தாள். அப்புறம் அவளுக்கும் அதில் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. ஒருநாள் நூலில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்து, பித்தளைக் குடத்தின் கழுத்தில் கட்டி, நிதானமாக மூன்று முடிச்சுப் போட்டாள். இதை எடு, தெரிகிறதா பார்ப்போம் என்றாள். எடுத்துக் காட்டினேன். டிவியில் குடத்தின் கழுத்தும் அவள் விரல்களும் பெரிதாகத் தெரிந்தன. போதும், நல்லாத் தெரியுது என்று திருப்தியாக எழுந்து போனாள். நான் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடை முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது. நிஜக் கல்யாணத்தில் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று கேமராவோடு போனேன். மணவறையை ஒட்டி மேளக்காரர்கள் உட்காருவார்கள் அல்லவா, அவர்களுக்குப் பக்கத்தில்தான் கிட்டத்தில் எடுக்க இடம் கிடைத்தது. ஐயர் கையைத் தூக்கினார். இரண்டு தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக எழும்பின. என் உள்ளங்கையில் கேமரா கிடுகிடுத்தது. அவ்வளவுதான், சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. அதிர்வு ஜாஸ்தி, பதிவு நிறுத்தப்பட்டது என்று திரையில் இங்கிலீஷில் எழுத்து. போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிகிறார். அடுத்த காட்சியில் எல்லோரும் தலையிலிருந்து அட்சதையைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்தான் எதையோ அழுத்திவிட்டேனோ என்று சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போய், பூஜை மேளத்துக்குப் பக்கத்தில் நின்று மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் நின்றது. கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். உள்ளே டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்குமாம், பலத்த சத்தமும் அதிர்வும் வந்தால் கெட்டுப்போகாமல் இருக்கத் தானே நின்றுவிடுமாம். வீட்டு விசேஷங்களுக்கு ஏற்றது என்று கம்பெனிக்காரன் அட்டையில் வேறு போட்டிருந்தான். அவன் ஊரில் வீட்டு விசேஷம் என்றால் கேக் வெட்டுவதோடு சரி போலிருக்கிறது.

பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். தூரத்தில் நின்று எடு என்றார். தூரத்தில் நின்றால் அந்த நேரத்தில் எழுந்து நிற்கிற சனத்தின் முதுகுதான் வரும் என்றேன். அப்படியானால் மேளத்தை ஒரு நிமிஷம் கம்மியாக வாசிக்கச் சொல்லலாமே என்று கேட்டேன். பதறிவிட்டார். தாலி கட்டும்போது கெட்ட வார்த்தை, தும்மல், அழுகை எதுவும் காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளம், அதைக் குறைப்பதாவது என்றார். ஆமாம், கெட்டது காதில் விழாமல் இருக்க மேளம். கெட்டது கண்ணில் படாமல் இருக்க கேமரா. அந்தக் கெட்டது என் அம்மா.

“முன்னாடியும் வருது, பின்னாடியும் வருது இல்ல?” என்றார் பெரியப்பா. “நடுவுல கொஞ்சம் போனா இன்னா இப்போ. போதும் அது.”

போனை வைத்துவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தின் சாமான் அறையில் டிவியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மா பழைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, அதே புடவையோடு வெற்றிலை கழுவிக்கொண்டிருந்தாள். மணவறையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பெற்றவர்கள் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். அதுவரைக்கும் எடுத்துக்கொண்டிருந்த நான் கேமராவை அப்படியே அவர் கையில் வைத்தேன்.

“நீங்க எடுங்க பெரியப்பா. முன்னாடியும் பின்னாடியும் வந்தா போதும்.”

சுற்றிலும் சொந்தக்காரர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக்கொண்டார். தாலித் தட்டு கூட்டத்துக்குள் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் விறுவிறுவென்று சாமான் அறைக்குப் போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்டி. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க.”

“என்னைச் சொல்லட்டும். அந்தக் கேமராப் பொட்டியில அது வராதும்மா. மேளம் அடிச்சா நின்னுடும். இப்ப வரலைன்னா நீ எப்பவுமே பாக்க மாட்ட.”

அம்மா டிவியைப் பார்த்தாள். ஒன்றும் ஓடாத கறுப்புத் திரை. ஈரக் கையைப் புடவையில் துடைக்கக்கூட நிற்காமல் எனக்கு முன்னால் நடந்தாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். தாலித் தட்டில் மிச்சமிருந்த அட்சதையை நான் அள்ளி அம்மாவின் கையில் வைத்தேன். வளவன் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தான். ஓவியா குனிந்த தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள். ஐயர் வளவனின் முகத்தைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். எதிர்ப்பக்கம் மேளக்காரர்களை ஒட்டி நின்று பெரியப்பா கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். அந்தச் சின்னத் திரைக்குள் அம்மா வந்து நின்றிருக்க வேண்டும். கேமராவைக் கீழே இறக்கி, கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்த வாயைத் திறந்தார்.

“கெட்டிமேளம், கெட்டிமேளம்,” என்றார் ஐயர்.

இரண்டு தவிலும் இடித்துக்கொண்டு எழும்பின. பெரியப்பாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு எழுத்துகூட எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. சுற்றிலும் அட்சதை பறந்தது. அம்மா ஓவியாவின் கழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை வீசினாள். உள்ளங்கை ஈரத்தில் அரிசி ஒட்டிக்கொண்டு விழவில்லை. மறுபடி வீசினாள், மறுபடியும் வீசினாள்.