தலை மறைத்த எழுத்து

மாயவனை எனக்குப் பார்த்த அன்றைக்கே பிடிக்கவில்லை. பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குப் பூ வரைகிறவன். கோப்பைக்குப் பூ வரைகிறவனுக்குப் பத்திரிகை அட்டையில் என்ன வேலை என்று அச்சாபீஸ் முதலாளி ஜம்புநாதன் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னடா என்றால் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். நான் அங்கே போன காலத்தில் மை டப்பாவின் மேல்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பத்திரிகையின் பெயர் 'பாட்டுமேடை'. விருத்தாசலம் தேரடித் தெருவில் அச்சாகி மாதம் ஒரு தடவை வரும். சினிமாப் பாட்டு, மெல்லிசைக் குழுச் செய்தி, கச்சேரித் துணுக்கு எல்லாம் இருக்கும். உள்ளே என்ன வந்தாலும் அட்டையின் மேல் நிற்கும் அந்தப் பெயர் என் கையால் எழுதியது. கடைசி எழுத்தான 'டை'யின் சுழி சரியாக விழுவதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் குந்தியிருக்கிறேன். கடைக்காரன் பத்திரிகைகளைக் கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடுவான். வெளியே தெரிவது மேல் பட்டை மட்டும்தான், அந்தப் பட்டை என்னுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் டீ குடிக்கிற சாக்கில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எழுபத்து மூன்றில் காலேஜுப் பையன்களுக்கு இங்கிலீஷ் ராக் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. முதலாளிக்கும் ஒரு ராக் இதழ் போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மாயவன் புதுச்சேரி பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய வெள்ளைக்காரப் பாட்டுப் பத்திரிகைகளை மேசைமேல் பரப்பினான்.

"பாருங்க முதலாளி. பேக்ரவுண்டு ஒரே கலரு. ஒரே ஒரு மூஞ்சி. அந்தக் கண்ணு நேரா நம்மளையே பாக்குது. நீங்க இந்தாண்ட நவுந்தாலும் பாக்கும், அந்தாண்ட நவுந்தாலும் பாக்கும். வாங்காம எப்டிப் போவான்?"

நான் நகர்ந்து பார்த்தேன். பார்த்தது. அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"இதுல இன்னொன்னு இருக்குது" என்றான். "தலைய எடுத்தாந்து பேரு மேலயே வெச்சுட்டாங்க பாருங்க. பாதி எழுத்து மறைஞ்சுபோச்சு. கவலயே படல. பேரு தெரிஞ்ச பத்திரிகைக்குத்தான் அந்தத் தைரியம் வரும். நம்ம பேரு யாருக்குத் தெரியாது?"

"எழுத்த மறைக்கிறதா?" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. "பேரு தெரியாத பொருள எவன் வாங்குவான்? வாசகருக்கு ஒரு மரியாத வேணாமா? தமிழ் எழுத்துக்கு ஒரு மரியாத வேணாமா?"

"பழமலை, கொஞ்சம் சும்மா இரு" என்றார் முதலாளி, வெள்ளைக்காரன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தமிழ் எழுத்தின் மரியாதையாம். என் எழுத்தின் மேல் இன்னொருத்தன் படம் ஏறி உட்காரப்போகிறது, அதுதான் சங்கதி. ஆனால் அதை அப்படியே வாயைத் திறந்து சொல்ல முடியுமா?

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "வவுறு ஒரு மாதிரியா இருக்குது" என்று தட்டைத் தள்ளினேன். என் மனைவி ராஜாம்பாள் ஒன்றும் கேட்காமல் மோர் கொண்டுவந்து வைத்தாள். மாயவன் பேச்சு வந்த நாளிலெல்லாம் எனக்கு வயிறு கெட்டது. அவளும் மோர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மாயவன் அன்பளிப்பாகக் கொடுத்த பூப்போட்ட பீங்கான் கோப்பையில் ஒருநாள் ஊற்றிவிட்டாள். லோட்டாவில் கொண்டுவரச் சொன்னேன்.

அட்டைக்குப் பெண்ணாடத்து நல்லமுத்து கிடைத்தான். சர்க்கரை ஆலையில் வேலை, கோயில் திருவிழாக்களில் கிட்டார். மாயவன் அவனை உட்காரவைத்து வரைந்தான். சிவப்புப் பின்னணி, நேராகப் பார்க்கும் கண், கையில் கிட்டார். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அவனோடு சிநேகமாகவே இருந்திருப்பேன். தலை 'ட்டு'வை மட்டும் மறைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ஒரு குறை. "முடி போறாதே மாயவா. எண்ணெய் தேச்சுப் படிய வாரினாப்பல இருக்கு. அவாளுக்கெல்லாம் எப்படிப் புதர் மாதிரி நிக்கறது!"

மாயவன் தூரிகையை எடுத்தான். நல்லமுத்துவுக்கு மளமளவென்று முடி வளர்ந்தது. வளர்ந்த முடி 'மே'யையும் விழுங்கியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து அட்டைப் படத்தின் அச்சு பிளாக் வந்து, சரிபார்க்க ஒரு புரூஃப் போட்டார்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதலாளி சிவப்பைப் பார்த்தார். மாயவன் கண்ணைப் பார்த்தான். நான் காணாமல் போன என் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் நின்றதை ஒருவரும் படிக்கவில்லை.

படித்தது பஸ் ஸ்டாண்டு. இதழ் கயிற்றில் ஏறிய காலையில் நான் டீக்கடையில் நின்றேன். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கயிற்றை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டினார்.

"பா... டை. பாடையா? என்னாய்யா இது, எழவுக்கெல்லாமா புஸ்தகம் போடுறாங்க?"

டீ எனக்குப் புரையேறியது. ஆமாம். இந்தப் பக்கம் என் பா, அந்தப் பக்கம் என் டை, நடுவில் ஒரு தலை. பிணம் தூக்குகிற பாடை. சந்தோஷத்தில் இன்னொரு டீ சொன்னேன். ஒழிந்தான் மாயவன் என்று வாய்விட்டே சொன்னேன். டீக்கடைக்காரர் யாரது என்று கேட்டார்.

மத்தியானம் நல்லமுத்துவின் அம்மா காசியம்மாள் பெண்ணாடத்திலிருந்து வந்து இறங்கி, அச்சாபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "குத்துக்கல்லாட்டம் இருக்கிற புள்ளைய பாடையில ஏத்திட்டீங்களேடா, நீங்க வெளங்குவீங்களா?" முதலாளி காகிதக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினால் தேவலை என்று இருந்தது.

ஆனால் சாயங்காலத்துக்குள் கதை மாறிவிட்டது. "பாடை ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். சிரிக்க வாங்கினார்கள், சிநேகிதனுக்குக் காட்ட வாங்கினார்கள். காலேஜுப் பையன்கள் சைக்கிள் ஹாண்டில்பாரில் செருகிக்கொண்டு சுற்றினார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் பஸ்ஸை நிறுத்தி, ஒன்று வாங்கிவரும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்கள். கயிறு காலியாகிவிட்டது, மறுபடியும் அச்சடி என்றார் முதலாளி. காசியம்மாளே அக்கம்பக்கத்தாருக்குக் காட்ட ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாளாம். நல்லமுத்து நிஜமாகவே முடி வளர்க்க ஆரம்பித்தான்.

மாயவன் தப்பு செய்தாலும் அது ஜெயிக்கிறது. நான் இத்தனை வருஷம் தப்பில்லாமல் எழுதினேன், ஒருவன் நின்று படித்துச் சிரித்ததுண்டா? வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ராஜாம்பாள் மோர் கடையத் தொடங்கினாள்.

அப்போது வாசலில் மாயவன் வந்து நின்றான். கையில் அந்த அட்டை. முகம் செத்துப்போயிருந்தது. அப்படியிருந்தும் ஜெயித்த களிப்பைக் காட்ட வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே" என்றான். "நாள் பூரா பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தண்ணே. ஒருத்தன், ஒரே ஒருத்தன் அந்தக் கண்ணப் பாக்கலண்ணே. எல்லாரும் உங்க எழுத்தத்தான் படிக்கிறாங்க. அந்தப் பா, அந்த டை, அம்மாந் தெளிவா, அம்மாந் தூரத்துலேர்ந்து தெரியுது. எம் படம் நடுவுல சும்மா அடைப்பா நிக்குது. வாங்கினவன்லாம் உங்கள வாங்கிட்டுப் போறான்."

நான் அவன் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன்.

"மறைக்காம சொல்றண்ணே. வவுறு எரியுதுண்ணே. உங்களப் பாத்து எனக்கு வவுறு எரியுது."

இத்தனை மாதமாக நான் வாசகர் என்றும் மரியாதை என்றும் தமிழ் என்றும் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அவன் நேராக நடந்து வந்து நின்றுவிட்டான். அதுவும் என் வீட்டு வாசலில், என் முகத்துக்கு நேரே. இதிலும் என்னை முந்திவிட்டானே என்றுதான் முதலில் தோன்றியது.

உள்ளேயிருந்து ராஜாம்பாள் வந்தாள். ஒரு கையில் என் லோட்டா, இன்னொரு கையில் பூப்போட்ட கோப்பை, இரண்டிலும் மோர். கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

"ஏம்ப்பா" என்றாள், "உனக்குமா?"

மாயவன் கோப்பையை வாங்கிக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினான். அவன் வரைந்த கண் மாதிரியே அவன் கண்ணும் நேராகப் பார்த்தது.

"அண்ணே... உங்களுக்குமா?"

"மோரக் குடிடா" என்றேன்.