எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகளில் ஒரு மொட்டை

1.

"யாரு இந்த மொட்ட? உம் பொண்ணு கையப் புட்சிகினு நிக்கிறான்?"

"ஐயோ சம்பந்தி, அது கையே இல்ல, சரிகை!"

இந்தக் கதை பிறந்தது இந்தச் சத்தத்தில்தான். நான் ஒட்டுக்கேட்கவில்லை, எங்கள் சமையலறை ஜன்னல் கேட்டது.

2.

(எழுதி அடித்துவிட்ட தொடக்கம்: 'திருத்தணி மலைமேல் மேகம் தவழ்ந்த ஒரு காலை...' தவழவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

பக்கத்து வீட்டுப் பிரபாவதி தன் மூத்த மகளின் கல்யாண வீடியோவைப் புது டிவியில் போட்டிருந்தாள். பார்க்க வந்தவர் பொதட்டூர்பேட்டை தமயந்தி. இளையவள் அனுராதாவைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தவர். ரிமோட்டை வாங்கி, நிறுத்தி, பெரிதாக்கினார். கடைசி வரிசையில் அனுராதா. பக்கத்தில் சந்தனம் பூசிய மொட்டை. முகம் திரும்பியிருந்தது. இந்த ஊரில் மொட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முருகனாலும் ஆகாது.

வீடியோ எடுத்த உதயாவைக் கூப்பிட்டார்கள்.

3.

[இடையில் கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபோர் கே படத்தில் ஏறக்குறைய எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். பழைய ஃபுல் எச்.டி.யில் அதில் கால்வாசிதான். சின்னதை எடுத்துப் பெரிய திரையில் இழுத்தால், இடைவெளியை டிவி தானே ஊகித்து நிரப்பும். கிட்டத்தட்ட என்னைப் போல.]

உதயா எடுத்தது அசல் ஃபோர் கே. திருத்தணியிலேயே முதல் ஃபோர் கே என்று போர்டு வைத்திருப்பவன். அதைச் சொன்னால் கை உறுதி, கல்யாணம் நின்றுபோகும். ஃபோர் கே இல்லை என்று சொன்னால் தொழில் போகும்.

"ஃபோர் கே இல்லீங்க," என்றான் உதயா. "இழுத்து உட்டது. அந்தக் கை டிவியா போட்டுகினது."

(இவன் இவ்வளவு நல்லவனா? எனக்கும் நம்பிக்கையில்லை. எங்கள் வீட்டுக் காதுகுத்தில் மூன்று பந்தியில் சாப்பிட்டவன்.)

4.

முடிவு ஒன்று: தமயந்தி நம்பினார், அனுராதா பொதட்டூர்பேட்டைக்கு...

இல்லை. அனுராதா அறையிலிருந்து வந்தாள்.

"ஏண்ணா பொய் சொல்ற? நல்லாதான எடுத்துகீற? ஆங், கை என்னுதுதான். அந்த மொட்ட, நான் கட்டிக்கப்போற அரசு. எனக்கு வேற மாப்ள அமையக் கூடாதுன்னு வேண்டிகினு அடிச்ச மொட்ட."

தமயந்தி காபியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

5.

ஊர் பிடித்துக்கொண்டது கையை அல்ல, 'ஃபோர் கே இல்லீங்க' என்பதை. உதயா போர்டைக் கழற்றி அரக்கோணம் போய்விட்டான். அனுராதாவும் அரசுவும் மணவூரில் குடித்தனம்.

அவர்கள் கல்யாணத்தை வேறொருவர் எடுத்தார், ஃபோர் கேயில். கடைசி வரிசையில் புது மொட்டை ஒன்று தெரிகிறது. அது உதயா என்றால், அவனுக்கு மனத்தாங்கல் இல்லை என்று எழுதி முடித்துவிடுவேன். எங்கள் டிவி பழசு. பெரிதாக்கினால் மொட்டை இட்லியாகிறது. பென் டிரைவ் தருகிறேன், உங்கள் வீட்டில் போட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.