வெல்லம் தின்ற மிஷின்

ஐயாக்கண்ணு மூன்றாம் முறையாக என் கடைப்படி ஏறியபோது எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கையில் அதே மஞ்சள் பை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம்.

"செல்வியம்மா, இதுவும் சுத்தலீங்க."

ஏற்காடு பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிப் பாத்திரக் கடை வைத்திருப்பவள் நான். கடை திறந்த அன்றே, 'சரியில்லை என்றால் திரும்பக் கொண்டு வரலாம்' என்று சுவரில் பெயின்டில் எழுத வைத்தேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! செம்மநத்தத்து விவசாயி ஐயாக்கண்ணு காப்பிக்கொட்டை அரைக்கும் கை மிஷின் வாங்கிப் போனார். கைப்பிடி இறுகிவிட்டது என்று திரும்பி வந்தார். வேறு கொடுத்தேன். அதுவும் இறுகியது. இன்னொன்று கொடுத்தேன். இப்போது அதுவும் பையில் வந்திருக்கிறது.

முதல் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்ட சேலத்து மொத்தக் கடைக்காரர், மிஷினில் ஒரு குறையும் இல்லை, இனி ஒன்று திரும்பி வந்தாலும் எனக்குச் சரக்கே கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணா. இதுல ராகி அரைச்சீங்களா?"

"சேர்வராயன் சத்தியமா இல்லீங்க! எங்க தோட்டத்துக் காப்பிக்கொட்டதானுங்க. வெள்ளிக்கெழம எம்புள்ளையப் பாக்க மாப்பள ஊட்டுக்காரங்க வர்றாங்க. எங்க ஊட்டுக் காப்பியக் குடிச்சுப் பாருங்கன்னு பெருமையடிச்சுப்போட்டனுங்க. பணத்தக் குடுத்துருங்க, நான் வேற கடையில பாத்துக்கறேன்."

கடையில் நின்ற செம்மநத்தத்துக்காரர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். பணத்தைக் கொடுத்து மிஷினைத் திருப்பி அனுப்பினால் சேலத்துச் சரக்கு நின்றுபோகும். கொடுக்காவிட்டால் அந்த ஊரே என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

வந்த ஆத்திரத்தில் திருப்புளியை எடுத்து அங்கேயே மிஷினைப் பிரித்தேன். ராகி மாவைக் காட்டி எல்லார் முன்னாலும் அவர் வாயை மூட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மாவு ஒரு பொட்டுக்கூட இல்லை. கொட்டையை அரைக்கும் இரும்புப் பல்லெல்லாம் கறுப்பாக என்னவோ ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். இனித்தது.

"கொட்டை வறுக்கறப்ப என்னங்கண்ணா போடுவீங்க?"

"வேறென்னத்தப் போடறது, வெல்லந்தான். வெல்லம் போடாம ஆருங்க காப்பி வறுப்பாங்க?"

நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அந்த வெல்லம்தாங்க மழை ஈரத்துல இளகிப் பல்லுல ஒட்டிக்கிச்சு!"

"அத விக்கறப்பவே சொல்லியிருக்கோணுமில்லீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் மனுஷன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் வெல்லம் போட்டு வறுப்பதில்லை, அதனால் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வெந்நீர் வைத்து, பல்லை ஊறப்போட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து மாட்டினேன். கைப்பிடி சுகமாகச் சுற்றியது.

"மிஷின் நல்ல மிஷின். அதனால பணம் தர மாட்டேனுங்க. சொல்லாம வித்தது என் தப்பு. அதனால எப்ப இறுகினாலும் கொண்டாங்க, சும்மாவே கழுவித் தர்றேன்."

அவர் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்த வாரம் செம்மநத்தத்து பஸ்ஸிலிருந்து அவர் மனைவி குப்பாயி இறங்கினாள். பின்னாலேயே இன்னும் மூன்று பெண்கள்.

"காப்பி நொம்ப நல்லாருக்குன்னு மாப்பள ஊட்டுல மெச்சிக்கிட்டாங்க. கல்யாணம் முடிவாயிருச்சுங்க. இவங்களுக்கும் ஆளுக்கொரு மிஷின் வேணுமாம். இறுகிப்போனா செல்வியம்மா கழுவித் தருவாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாரு."

சந்தோஷத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. மூன்று மிஷின்களை இறக்கி வைத்தேன். இந்த முறை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

"வறுக்கறப்ப வெல்லம் போடுவீங்களா?"

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"போடாம பின்ன?"

விற்பனைக்கு வைத்திருந்ததிலேயே பெரிய அண்டாவாகப் பார்த்து எடுத்து, வெந்நீருக்கென்று உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.